கழுத்துப் பட்டன்

எங்கள் வீட்டில் யாருக்குக் கழுத்து வீங்கினாலும் அது பொன்னுக்கு வீங்கிதான். வைத்தியமும் ஒன்றுதான்: அம்மாவின் தங்கச் சங்கிலி. எனக்கு வீங்கியபோது அதைப் போட்டுக்கொண்டு தெருவையே சுற்றி வந்தேன். வீக்கம் வடிந்ததும் கழற்றி வாங்கிக்கொண்டாளே என்றுதான் வருத்தம்.

கொஞ்ச நாளில் சித்தியின் காதுக்குக் கீழே ஒரு கட்டி தென்பட்டது. என்னிடமிருந்து ஒட்டியதுதான் என்று முடிவாகி, சங்கிலி அவள் கழுத்துக்குப் போனது. எனக்கானால் வலியில் உயிர் போயிற்று. அவளுக்கு வலியே இல்லை. வாரங்கள் போயும் கட்டி அசையவில்லை. தங்கத்தின் சக்தியையெல்லாம் நானே தீர்த்துவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம்.

சித்திக்குத் திருமங்கலத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தையில் கல்யாணம். அம்மா பயந்துபோய் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கட்டியில் ஊசி குத்திச் சோதித்தார்கள். டிபியால் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, யாருக்கும் ஒட்டாது, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால் குணமாகிவிடும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாராம். அம்மாவின் காதில் விழுந்தது டிபி மட்டும்தான்.

"வெளிய மூச்சு விட்ட, தோலை உரிச்சிருவேன்" என்று என்னை மிரட்டினாள். மாத்திரைகள் அரிசிப் பானைக்குள் ஒளிந்தன. ஊருக்குக் காட்டச் சங்கிலி மட்டும் சித்தியின் கழுத்தில் கிடந்தது. பாவம் சித்தி, மாத்திரை குமட்டுகிறது என்று பாதி நாள் விழுங்கவே மாட்டாள். "எப்படியும் தெரிஞ்சு கல்யாணத்த நிப்பாட்டத்தானக்கா போறாக" என்பாள்.

சேலை எடுப்பதைப் பற்றிப் பேச மாப்பிள்ளையும் அவருடைய அண்ணியும் வந்தார்கள். எம்புட்டுப் புழுக்கமானாலும் அவர் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்ற மாட்டார். 'கழுத்துப் பட்டன் மாப்பிள்ளை' என்று சித்தியே அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சித்தியின் கழுத்தையே பார்த்தார். "என்ன இது, இன்னுமா வத்தல?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். "பொன்னுக்கு வீங்கி சிலருக்கு மெதுவாத்தான் வத்தும் அண்ணி. தங்கம் கழுத்துலயே கெடக்கட்டும்."

பிறகு என்னைக் கடைக்குக் கலர் சோடா வாங்கிவர அனுப்பினார்கள். "நானும் வாரேன் பாப்பா" என்று அவரும் கூடவே வந்தார். கடைக்கு முன்னால் குனிந்து, அந்தப் பட்டனைக் கழற்றிக் காட்டினார். கழுத்தோரம் சுருங்கிப்போன ஒரு தழும்பு.

"சின்ன வயசுல எனக்கும் இதேதான். மொதல்ல தங்கந்தான் போட்டாக. மாத்திரைலதான் போச்சு. ஒரு நாள்கூட விடாம முழுங்கணுமின்னு சித்திகிட்ட சொல்லு. கல்யாணம் எங்கயும் போகாதுன்னும் சொல்லு."

வீட்டுக்குள் தங்கம் என்கிறார், தெருவுக்கு வந்தால் மாத்திரை என்கிறார். இந்த மனிதருக்கு ஒரு பேச்சே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. போதாக்குறைக்கு, பட்டனை மறுபடி மாட்டிக்கொண்டு கடலை மிட்டாய் வேறு வாங்கிக்கொடுத்தார்.

அவர்கள் பஸ் ஏறியதும் சித்தியிடம் எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தேன். தழும்பு என்றதும் அடுப்படியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அப்புறம் தானாகவே எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அவரு உன்னையத் திட்டல சித்தி, சத்தியமாத் திட்டல" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.