கரண்ட் திருட்டு என்று எழுதினார்கள்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். பாதியை விட்டுவிட்டால் அந்த மனிதருக்குத் துரோகமாகிவிடுமே என்ற பயம்தான்.

எண்பதுகளில், கொச்சி மட்டாஞ்சேரியில் நான் எடை போட்டுவந்த மிளகுக் கிடங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க வந்தவர் ஒல்லியானவர், தடித்த கண்ணாடி. சுவிட்சைப் போடுமுன் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கம்ப்யூட்டரில் தன்னுடைய பகுதியை முதலாளி ஒரு ரகசியச் சொல்லால் பூட்டியிருந்தார். தினமும் விளக்கேற்றி, நாங்கள் எல்லோரும் கேட்க அவர் உரக்கக் கூப்பிடும் குலதெய்வத்தின் பெயர்தான் அந்தச் சொல். கம்ப்யூட்டர்காரர் அதை ஊகித்து அடித்துப் பார்த்தார், திறந்துகொண்டது. எதையும் வாசிக்காமல் மூடிவிட்டு, "வேற பேர் வையுங்க முதலாளி" என்று தானே போய்ச் சொன்னார்.

முதலாளி போலீசைக் கூப்பிட்டார்.

"எந்தா களவு போனது?" என்றார் எஸ்.ஐ.

"ஒண்ணும் போகலை" என்றார் முதலாளி.

"பின்னே நான் என்னன்னு எழுதறது?"

கடைசியில், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் இழுத்த முதலாளியின் கரண்டைத் திருடியதாக எழுதினார்கள். "எத்தனை யூனிட் குடிச்சே?" என்று ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார்.

"கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு விட்டுடுவாங்களாம். போட்டுடு தம்பி" என்று கெஞ்சினேன்.

"கேக்காம உள்ளே போனேன் சேட்டா, அது தப்புதான். அதை எழுதட்டும், போடறேன். எடுக்காததை எடுத்தேன்னு பகவான்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

"அந்தத் தப்புக்குச் சட்டத்துல பேரே இல்லையாமே!"

அவர் கையெழுத்துப் போடவில்லை. ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் அவரை நான் பார்க்கவேயில்லை.

யாருக்காவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். திருடினார் என்று கூட்டவும் வேண்டாம், தப்பே செய்யவில்லை என்று குறைக்கவும் வேண்டாம். அவர் கேட்டது அவ்வளவுதான்.