முழுசாகட்டும் என்று நான் வைத்திருந்த கடிதம்

1. வீடு விற்கிற குமாஸ்தாவுக்கு வந்த கஞ்சா கேஸ்

ஈப்போவில் வக்கீல் அலுவலகக் குமாஸ்தாவாக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அதில் இருபத்தெட்டு வருடம் வீடும் நிலமும்தான். யார் வாங்கினாலும், யார் விற்றாலும், யார் செத்துப்போய்ப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றினாலும் அந்த ஃபைல் என் மேசைக்குத்தான் வரும்.

நில அலுவலகத்தைப் பற்றிப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு தாள் குறைந்தால் போதும், கவுண்டரில் இருப்பவர் ஃபைலை அப்படியே திருப்பித் தள்ளிவிடுவார். வரி ரசீது இல்லையா, போ. அடையாள அட்டை நகலில் முத்திரைச் சாப்பு இல்லையா, போ. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எல்லாத் தாளும் சேரும் வரை ஃபைல் என் மேசையை விட்டு நகராது. என் ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர் 'கம்ப்ளீட் மாலதி'.

ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது, கிரிமினல் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போனாள். லாயர் தவநேசன் அந்த அலமாரியின் சாவியை என்னிடம் நீட்டினார்.

"மாலதிக்கா, இதையும் நீங்களே பாத்துக்குங்க. பேப்பர்தானே, எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது லாயர்."

"தெரியாதத கேளுங்கலா. நான் எங்க போயிடப் போறேன்?"

அந்த வாரமே தேவி வந்தாள். கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டைகள். அப்பா கோவிந்தன், ஐம்பத்தெட்டு வயது, லோரி டிரைவர். கோலா கங்சார் போகிற வழியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகும் அங்கேயே தங்கிவிட்ட ஏழெட்டுக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. வீட்டுக்குப் பின்னால் மூன்று கஞ்சாச் செடி வளர்த்ததாகப் போலீஸ் பிடித்துவிட்டது.

"அம்மாவுக்குக் கேன்சர் அக்கா. இனிமே மருந்து இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்பாவ எப்ப விடுவாங்க?"

எனக்கு என்ன தெரியும்? லாயரைக் கேட்டேன். செடி வளர்ப்பது தனிக் குற்றம், அந்தக் குற்றச்சாட்டு இருக்கும் வரை ஜாமீன் கிடையாது, நிரூபணமானால் கோவிந்தன் கிழவனாகித்தான் வெளியே வருவார் என்றார். ஒரே ஒரு வழி இருந்தது. 'ரெப்ரசன்டேஷன்' என்று ஒரு கடிதம். அரசு வக்கீலுக்கு எழுத வேண்டும்: இவர் நிலைமை இது, குற்றச்சாட்டைக் குறைத்துப் போடுங்கள் என்று. அவர்கள் ஒத்துக்கொண்டால் சிறிய தண்டனையோடு போய்விடும்.

அதாவது கேள்வி ஒன்றுதான். தேவியின் அம்மா சரசு கண் மூடுவதற்குள் கோவிந்தன் வீட்டுக்குப் போவாரா, மாட்டாரா?

2. "எப்ப வெட்டுறதுன்னு தெரியல"

சிறைச்சாலைக்கு லாயரோடு நானும் போனேன். குறிப்பு எடுக்க ஆள் வேண்டும் என்றார். கோவிந்தன் ஒல்லியான மனிதர். உட்காருங்கள் என்று சொன்ன பிறகும் ஒரு நிமிடம் நின்றுகொண்டிருந்தார்.

"மூணு செடிதான் சார். மரவள்ளிக்கு நடுவுல வச்சேன். அவ சரியா சாப்பிட்டு நாலு மாசம் ஆச்சு. எது குடுத்தாலும் வாந்தி. கூட லோரி ஓட்டுனவன்தான் சொன்னான், இது இருந்தா பசிக்கும், தூக்கம் வரும்னு. வெதயும் அவன்தான் குடுத்தான்."

"அவன் பேரு?"

"அது வேணாம் சார்."

லாயர் வற்புறுத்தவில்லை. "சரி. அவங்களுக்கு எத்தன தடவ குடுத்தீங்க?"

"ஒரு தடவகூட குடுக்கல சார்."

"ஏன்?"

"எப்ப வெட்டுறதுன்னு தெரியல."

லாயர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை.

"பூ முத்தணுமாம் சார். முந்தி வெட்டுனாலும் வீணு, பிந்தி வெட்டுனாலும் வீணுன்னான். முத்துனா எப்படி இருக்கும்னு சொல்லாம போயிட்டான். வாழைன்னா காயப் பாத்தா தெரியும். மரவள்ளின்னா மாசத்த எண்ணிக்கலாம். இத யாருகிட்ட சார் போயி கேக்குறது? பக்கத்து வீட்டுல கேக்க முடியுமா?"

காலையில் சரசுவின் வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ச் செடியைப் பார்ப்பாராம். ஒரு பூ பழுப்பாகத் தெரியுமாம். பக்கத்திலேயே இன்னொன்று பச்சையாக இருக்குமாம். வீட்டுக்குள் வந்ததும் சரசு படுத்தபடியே, "இன்னும் ஆகலயா?" என்று கேட்பாராம். இவர், "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்பாராம். நாலு நாள் நாலு நாளாக மூன்று வாரம் போய்விட்டது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு கிளையை வெட்டினார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனாரா? இல்லை. அந்தத் தோட்டத்தில் எது முதலில் விளைந்தாலும் முனியாண்டிக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுப்பார்கள். முதல் வாழைத்தார், முதல் கிழங்கு, எல்லாம் அப்படித்தான். ஆகவே கோவிந்தன் குளித்துவிட்டு, அந்தக் கிளையை இலையில் வைத்து, சுருட்டுக்குப் பக்கத்தில் படைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

லாயருக்குக் குரலே மாறிவிட்டது. "அண்ணே, கஞ்சாவக் கொண்டுபோயி கோயில்ல வச்சீங்களா?"

"முதல்ல சாமிக்குத்தானே சார். அதுவும் அவ மருந்துக்கு வச்சது. வைக்காம எப்படி?"

அன்று கும்பிட வந்த வெளியூர்க்காரர் யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை போலீஸ் வந்து மூன்று செடியையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. சரசுவுக்கு ஓர் இலைகூடப் போய்ச் சேரவில்லை.

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் என்ன என்று அவருக்கும் தெரியும், தெரிந்துதான் மரவள்ளிக்கு நடுவில் ஒளித்து வைத்தார். ஆனால் காரில் திரும்பி வரும்போது லாயர், "ஆயுசு பூரா ஜெயிலுக்குப் போற வேல பாத்துட்டு, அதுலயும் சாமிக்குப் பங்கு வச்சிருக்காரு பாருங்கக்கா" என்று சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

3. என் மேசையில்

பிடுங்கிய செடி கஞ்சாதான் என்று சொல்லும் கிமியா ரிப்போர்ட் வர இரண்டு மாதம் ஆனது. அது வந்த அன்றே லாயர் கடிதத்தைத் தயாரித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் தைப்பிங்கில் அவருக்கு ஒரு கொலை கேஸ் தொடங்குகிறது. வாரக்கணக்கில் அங்கேதான் இருப்பார்.

"ரெடியானதும் அனுப்பிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெடி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்னிடம் இருந்தது தேவியின் வாக்குமூலம், அப்பாயின்மென்ட் அட்டைகள், பிறகு வார்டு டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பு: இனி சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், நாட்கள் குறைவு. அவ்வளவுதான். ஸ்பெஷலிஸ்டின் முழு ரிப்போர்ட் இல்லை. கோவிந்தன் வேலை பார்த்த லோரி கம்பெனியின் கடிதம் இல்லை. கிராமத் தலைவர் கடிதம் இல்லை. கோயில் கமிட்டி ஒரு நற்சான்று கொடுத்தால் நன்றாக இருக்குமே என்றும் எனக்குத் தோன்றியது.

நில அலுவலகத்தில் எது குறைகிறது என்று கவுண்டரில் சொல்லிவிடுவார்கள். இங்கே யார் சொல்வது? கவுண்டரும் இல்லை, பட்டியலும் இல்லை. லாயருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. இத்தனை வருட சர்வீஸ், 'கம்ப்ளீட் மாலதி', ஒரு கடிதத்தை எப்போது அனுப்புவது என்று கேட்பதா என்ற கௌரவம். உள்ளதைச் சொல்கிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகவே நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒவ்வொரு கடிதமாகச் சேர்த்தேன். கம்பெனிக் கடிதம் வந்தது. கிராமத் தலைவர் சாப்பு போட மறந்துவிட்டார் என்று திருப்பி அனுப்பி மறுபடி வாங்கினேன். கோயில் கமிட்டி பயந்துபோய், "எங்கள இதுல இழுக்காதீங்கம்மா" என்றது. ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

தேவி ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் பண்ணுவாள்.

"அக்கா, அனுப்பிட்டீங்களா?"

"ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட் மட்டும் வரணும்மா. அதுவும் வந்துட்டா முழுசாயிடும்."

ஆறாவது திங்கட்கிழமையும் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். "இன்னும் நாலு நாள் போகட்டும்மா" என்றும் சேர்த்துச் சொன்னேன். தேவி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவும் அம்மாகிட்ட இதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு அக்கா. அம்மா இப்ப தண்ணியே ரெண்டு ஸ்பூன்தான் குடிக்கிறாங்க."

போனை வைத்தேன். ஃபைலை எடுத்துக் கையில் இருந்ததை மட்டும் கடிதத்தோடு இணைத்து, குடையைக்கூட எடுக்காமல் மழையில் நடந்துபோய் அரசு வக்கீல் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பையன் இணைப்புகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் சாப்பு குத்தி நகலை என் கையில் கொடுத்தான். லாயர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அன்றைக்கு நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

4. ஒன்பது நாள்

பதில் ஒன்பதே நாளில் வந்தது. குற்றச்சாட்டைக் குறைக்கச் சம்மதம்.

கோர்ட்டில் அந்த அரசு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். முக்காடு போட்ட இளம் மலாய்ப் பெண். ஃபைலைத் திறந்து அந்த ஒரு பக்க வார்டு குறிப்பை லாயரிடம் காட்டி மலாயில் கேட்டார்: "இதைப் படித்துத்தான் சம்மதித்தேன். மற்றதை எல்லாம் நான் பார்க்கவே இல்லை. இதில் இருக்கிற தேதி எப்போதோ உள்ளதாக இருக்கிறதே, ஏன் முன்னாலேயே அனுப்பவில்லை?"

லாயர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், "எங்கள் தவறு" என்றார். 'எங்கள்' என்று சொன்னதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கோவிந்தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிடிபட்ட நாளிலிருந்து எண்ணி ஆறு மாதம் சிறை, அதில் நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்கள் போக நாலைந்து நாள்தான் பாக்கி. அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனார்.

பதினோராம் நாள் சரசு இறந்துபோனார்.

5. அவர் வந்தார்

காரியம் எல்லாம் முடிந்த பிறகு கோவிந்தன் அலுவலகத்துக்கு வந்தார். லாயர் இல்லை. என் மேசைக்கு முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"பதினோரு நாள் கூட இருந்தேன் மேடம். தலைக்கு எண்ண வச்சு விட்டேன். கஞ்சித் தண்ணி நான் குடுத்தா மட்டும் குடிச்சா. தேவி குடுத்தா வாயத் தொறக்க மாட்டா. நீங்க அந்த லெட்டர் அனுப்பலன்னா இதுவும் எனக்குக் கெடச்சிருக்காது."

"உக்காருங்கண்ணே. தே குடிக்கிறீங்களா?" என்றுதான் என்னால் கேட்க முடிந்தது.

தே குடித்தார். தேவி மறுபடி வேலைக்குப் போவதைச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதம் ஆறு வாரம் இந்த மேசையில்தான் கிடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் படி இறங்கிப் போன பிறகும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

லாயர் என்னைச் சமாதானப்படுத்தினார். முன்னால் அனுப்பியிருந்தால் முன்னால் விட்டிருப்பார்கள் என்று சட்டப்படி யாரும் சொல்ல முடியாது என்றார். உண்மைதான். ஆனால் ஒன்பது நாளில் பதில் வந்ததை நான் பார்த்தேனே.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நிலத்து ஃபைலுக்கு எல்லாத் தாளும் சேரட்டும், காத்திருங்கள், நிலம் எங்கேயும் போகாது. மனுசர் ஃபைல் என்றால் கையில் இருப்பதை வைத்து அன்றைக்கே அனுப்புங்கள். விட்டுப்போனதை இரண்டாவது கடிதத்தில் அனுப்பிக்கொள்ளலாம். எப்போது அனுப்புவது என்று தெரியவில்லையென்றால், எத்தனை வருட சர்வீஸாக இருந்தாலும், வாயைத் திறந்து கேளுங்கள். கோவிந்தன் அண்ணனுக்குக் கேட்க ஆள் இல்லை. எனக்கு லாயர் இருந்தார், மேசையில் போன் இருந்தது. நான் கேட்கவில்லை.