அத்தான் வீட்டு வானம்

மழை பெய்கிறதா என்று பார்க்க அத்தான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்பார். நனைந்தால் உள்ளே இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொள்வார். "துண்டுன்னு ஒண்ணு வீட்டுல எதுக்கு இருக்கு?" என்று அக்கா இன்றுவரை கத்திக்கொண்டுதான் இருக்கிறாள். காதில் விழுந்தால்தானே! அடுத்து, மேஜையடியில் முனகிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரைக் குனிந்து பார்ப்பார். மொட்டை மாடியில் வைத்த, மழை வெயிலை அளக்கும் கருவி சொன்னதும் கை சொன்னதும் ஒத்துப்போனால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அத்தானுக்குத் தொழில் லிஃப்ட் ரிப்பேர். உயிர் மட்டும் ஒரு வீடியோ கேமில். படகில் போய் மீன் பிடிக்கிற கேம். அதைச் செய்த கம்பெனி கடையைக் கட்டியதும் கேமுக்குள் மழையும் போயிற்று, வெயிலும் போயிற்று. எந்நேரமும் ஒரே சாம்பல் வானம். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைச் சர்வராக்கிவிட்டார். இப்போ வானம் எப்படி என்று கேம் கேட்கும். மாடிக் கருவி காட்டுவதை இது அப்படியே சொல்லும். அவ்வளவுதான் வேலை. எங்கெங்கோ உட்கார்ந்து விளையாடுகிறவர்கள் எல்லாரும் அத்தான் வீட்டு மழையில்தான் நனைகிறார்கள்.

"நாளைக்குப் போட்டி, கொஞ்சம் வெயில் போடுங்களேன்" என்று எழுதிக் கெஞ்சுவார்கள். ம்ஹூம். "வானம் சொல்றதத்தான் நான் சொல்லுவேன். பொய் சொல்லவா சர்வர் வெச்சிருக்கேன்?" என்பார். பெரிய சத்தியவந்தர் என்று நினைப்பு!

போன மாதம் அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன். வெளியூர் ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் மகள் துணைக்கு இருந்தாள். அத்தானும் நானும் மாற்றுத்துணியோடு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"நாளைக்கு ஆபரேஷன நெனச்சா பயமா இருக்குங்க. இங்க ஒரு ஜன்னல்கூட இல்ல. உங்க கேமைத் தொறந்து படகுல உக்காந்திருக்கேன். நம்ம வீட்டு மழையக் கொஞ்சம் பாத்துட்டாத் தேவல."

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அத்தான் என்னைப் பார்த்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேஜையடியில் உட்கார்ந்தார். கருவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு வார்த்தை தட்டினார்.

"ஐயோ, மழை!" அக்காவின் குரல் எனக்கே கேட்டது. சின்னப் பிள்ளைபோல் சிரித்தாள். "அங்கயும் பெய்யுதா?"

"கொட்டுது."

"மெஷினைப் பாத்துச் சொல்றீங்களா? கைய நீட்டிப் பாத்தீங்களா?"

அத்தான் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கையை வெயிலில் நீட்டி, எப்போதும் நிற்கிற அளவு நின்றார்.

"பாத்துட்டேன். நல்லா நனைஞ்சிடுச்சு."

"சட்டையில துடைக்காதீங்க."

"இல்ல, இல்ல" என்றார். காய்ந்த கையை உள்ளே இழுத்து, சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.