மோந்து பார்த்த அதிகாரி

எழுபதுகளில், நினைவு தப்பிய பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று சித்தூர்ப் பக்கம் இருந்தது. இரண்டு முறை வழி தவறிக் கிணற்றடிக்குப் போய்விட்ட என் அம்மாவை அங்கேதான் விட்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் கோவில் திருநீற்றோடு போனபோது, சர்க்கார் அதிகாரி சோதனைக்கு வந்திருந்தார். ஒல்லியான மனிதர், காது நிறைய முடி. பதிவேட்டை நீட்டினால் திறக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். போர்வை, தலையணை, தண்ணீர்ப் பானை, எல்லாவற்றையும் மோந்து பார்த்தார்.

"சாப்ட்டாச்சுங்களா ஆத்தா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"மூணு நாளாப் பட்டினி சாமி. இந்தா நிக்கறாளே, என்ற மருமவ, பச்சத்தண்ணி குடுக்க மாட்டா" என்று அம்மா, பக்கத்தில் நின்ற இல்லத்துப் பணிப்பெண் ஆயாவைக் காட்டினாள்.

ஆயாவுக்கு முகம் வெளுத்தது. இல்லத்தை மூடிவிட்டால் அம்மாவை எங்கே கொண்டுபோவேன்? பழநியாண்டவா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் அம்மாவின் வலது கையை மோந்தார். "சாம்பாரு மணக்குதுங்களே ஆத்தா?"

"அது அவ தின்னது!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மிணி, இப்படிப் பேச்சு வாங்கோணும்னா ஊட்டு மனுசியா இருக்கோணுமுங்க. நல்லாப் பாக்கறீங்க, அதையே எழுதிக்கறேன்" என்று ஆயாவிடம் சொன்னார்.

"நெசமான மருமவ நானுங்க. என்னையத் திட்டறதுக்குக்கூட மறந்துட்டாங்க" என்றாள் என் மனைவி.

அவர் சிரிப்பை நிறுத்தினார். கக்கத்துப் பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவளைக் கும்பிட்டார். எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.