பூசையில் வைத்த சுக்கான்

மீரானின் நற்பெயரைக் கெடுத்தவன் நான். என் பத்தேமாரிப் பாய்க்கலத்தின் சுக்கான் பிய்ந்ததற்கும் நானே காரணம். இரண்டையும் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை; உம்மிடம் சொல்கிறேன்.

அறியாமையால் செய்தேன் என்று எண்ணிவிடாதீர்! நங்கூரமிட்ட பாய்க்கலத்தின் சுக்கானை அலையிலிருந்து காக்கும் வகையை என்னைவிட நன்கறிந்தவர் குளச்சல் துறையில் அன்றும் சிலரே. கடல் கொந்தளிக்கும்போது கலம் நின்ற இடத்தில் நின்றாலும் சுக்கான் நில்லாது. இடமும் வலமும் மோதிக்கொண்டே இருக்கும். அதன் கைப்பிடியை நடுவில் நிறுத்தி, இருபுறமும் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். கட்டாவிடில், அதைத் தாங்கும் இரும்புக் கொக்கிகள் பிய்ந்துபோகும். மீரானுக்கு அந்தக் கட்டுமுறையைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்...

மகாராணியார் நாட்டை ஆண்ட காலம். சரசுவதி பூசை நாள். வணிகர் பலருடைய கருப்பட்டியை ஏற்றிக்கொண்டு என் கலம் கரைக்கு அப்பால் நின்றது. பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். கலத்துக்குச் சுக்கானே கருவி. காலையில் அதன் கைப்பிடிக்குச் சந்தனம் பூசி, தோவாளைப் பூமாலை சூட்டினேன்.

நண்பகல் கடந்ததும் கடல் பெருகியது. சுக்கான்காரன் மீரான் கயிற்றோடு வந்து நின்றான். துறையின் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவன். என் கலத்திலேயே ஆளானவன்.

"மொதலாளி, சுக்கானக் கெட்டிருவோமா? கொக்கி கெடந்து கத்துது."

"பூசையில இருக்கு வே. நாளைக்கு விடியட்டும்."

"பூசைன்னு நமக்குத் தெரியும். கடலுக்குத் தெரியுமா?"

உடனிருந்த மாலுமிகள் சிரித்தனர். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

"கெட்டப்பிடாதுன்னா கெட்டப்பிடாது. உமக்கு இது வெளங்காது."

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். நான் கண்மூடிப் பதிகம் ஓதத் தொடங்கினேன். பக்தியாலா, வீம்பாலா? இறைவன் என்னிடம் கேட்டது அன்பையா, அல்லது கட்டாமல் விட்ட கயிற்றையா?

பதிகம் முடியுமுன் கொக்கிகள் பிய்ந்தன! தொங்கிய சுக்கான் பின்புறப் பலகையை இடித்துப் பிளந்தது. புகுந்த நீரில் கருப்பட்டி அத்தனையும் கரைந்தது. உயிர்களோடு கலத்தைக் கரை சேர்த்தோம்.

வணிகர் சூழ்ந்துகொண்டனர். "சுக்கானக் கெட்டாம விட்டது யாரு ஓய்?" என்று ஒருவர் கத்தினார்.

"சுக்கான்காரனக் கேளும்" என்றேன்.

அவ்வளவே சொன்னேன்! மாலுமிகள் என் முகத்தைப் பார்த்து வாய்மூடி நின்றனர்.

"மொதலாளி, நீங்க ஒரு வாக்கு சொல்லுங்கோ" என்றான் மீரான்.

நான் சந்தனம் படிந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசையால் கேடு வந்தது என்று ஊர் பேசலாகாது; ஆண்டவனின் பெயரைக் காக்கவே மௌனம் என்று நெஞ்சுக்குச் சொன்னேன். காத்தது யார் பெயரை? பதிகம் பாடிப் பழகிய நாவுக்கு ஒரு மெய்யைச் சொல்ல இயலவில்லையே!

அதன்பின் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ எந்தக் கலத்தாரும் மீரானிடம் சுக்கானைக் கொடுக்கவில்லை. கரையில் மூட்டை சுமந்தான். என்னைக் கண்டால் சுமையோடு விலகி வழிவிடுவான். அப்படியே மாண்டும் போனான்.

இப்போது நான் பூசை நாளில் முதலில் சுக்கானைக் கட்டுகிறேன். கட்டிய கயிற்றின்மேல்தான் மாலை. துறையார் அனைவரும் அவ்வாறே செய்கின்றனர். ஏன் இப்படி என்று முதன்முதலில் ஒருவர் கேட்டபோது, "பூசைன்னு நமக்குத் தெரியும். கடலுக்குத் தெரியுமா?" என்று என் வாயில் வந்துவிட்டது. அவனுடைய சொல்லையும் எடுத்துக்கொண்டேன்...

இவ்வாண்டு பூசையன்று, புதிய கலத்தின் உடைமையாளர் ஒருவர் அதையே தம் ஆட்களுக்குச் சொல்லி, "பிள்ளைவாள் வாக்குல்லா!" என்று என்னை நோக்கிக் கைகூப்பினார்.

மீரான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பதிலுக்குக் கைகூப்பினேன்.