அந்தோனியார் காட்டிக்கொடுத்த கல்

"வெள்ளவத்தையில மீன்காரன் மச்சிக்குச் செல்லினானாம், மச்சி எனக்குச் செல்லினா. பின்வளவுக் காணிய யாரோ வாங்கி, ஒங்கட அந்தோனியார் கோயில ஒடைக்கப் போறாங்களாம், றெஜினாக்கா!" பக்கத்து வீட்டு ஷிஹாரா மதிலுக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னாள்.

"மீன்காரனுக்கு மீனப் பத்திக் கேளு" என்றாள் றெஜினா. சொன்னாளே தவிர, இடியப்பம் பிழிந்த கை நின்றுவிட்டது.

கொட்டாஞ்சேனைச் சந்துமுனையில் இருக்கும் அந்தக் கோயில் ஓர் அலுமாரியளவுதான். துறைமுகத்தில் வேலை பார்த்த அவளுடைய மாமனார், தொலைந்த வேலைப் பாஸ் அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமையில் கிடைத்ததற்காகக் கட்டியது. கடதாசி, காணி உறுதி ஒன்றும் கிடையாது. அவர் போனபின் சாவி றெஜினாவின் இடுப்புக்கு வந்து முப்பத்தொரு வருடம். தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்பதால், சந்தில் யார் எதைத் தொலைத்தாலும் அவளிடம்தான் வருவார்கள். கிடைத்தால் பாண் வாங்கி எல்லாருக்கும் பகிர வேண்டும். பகிராமல் நழுவியவர்களின் பெயர்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அடுத்த செவ்வாய் காலை, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கோயிலைச் சுற்றிச் சுற்றி நிலத்தையே பார்த்தபடி நின்றார். அப்படி நிற்பவர்களை றெஜினாவுக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன தம்பி, என்னத்தத் துலைச்சிட்டீங்க?"

"கல்லொண்டு அக்கா. எல்லைக்கல்லு. எங்க பார்த்தும் காணேல்லை."

"ஒரு மெழுகுதிரி கொளுத்துங்க. கெடைக்கும்."

அவர் பக்தியாகக் கொளுத்தினார். அதை வைக்க இடம் ஒதுக்குவதற்காக றெஜினா வாசலிலிருந்த திரித்தட்டைத் தூக்கினாள். அடியில், மெழுகு வடிந்து, எழுத்து வெட்டிய கல்!

"இந்தா! எங்கட ஆள் லேசுப்பட்டவரா?"

மனிதர் குதிக்காத குறை. வழக்கத்தைக் கேட்டதும் பேக்கரிக்கு ஓடிப் பன்னிரண்டு இறாத்தல் பாண் வாங்கிவந்தார். சந்தே கூடித் தின்றது. "கிழமைக்கு ஒண்டு துலைங்க சேர்" என்று ஷிஹாரா கேட்டுக்கொண்டாள்.

பிறகு அவர் பையிலிருந்து கயிற்றை எடுத்து, அந்தக் கல்லிலிருந்து விளக்குக் கம்பம் வரை இழுத்துக் கட்டினார். கயிறு கோயிலுக்கு முன்னால் போயிற்று. கோயில் முழுதாகப் பின்வளவுக்குள்ளே நின்றது.

"அப்ப... பின்வளவ வாங்கினது?"

"நாங்கள்தான் அக்கா. நான் சிவபாதசுந்தரம். மதில் கட்டவேணும்."

றெஜினா கடித்த பாணைப் படியில் வைத்தாள்.

"முப்பத்தொரு வருஷம் மறைஞ்சி கெடந்த கல்ல நீங்களே தூக்கிக் காட்டினீங்களே!" என்று ஷிஹாரா தலையில் கைவைத்தாள்.

சிவபாதசுந்தரத்துக்கும் சங்கடமாகிவிட்டது. "அக்கா, அந்தோனியாரின்ட பாணைத் திண்டிட்டு அவரை இடிக்கேலுமே? நான் மதிலை வளைச்சுக் கட்டுவன். ஆனா காணியில தங்கச்சி கனகேஸ்வரிக்கும் பங்கு. கல்கிசையில இருக்கிறா. அவ ஓமெண்டாத்தான். இது அவவின்ட நம்பர், நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் போன் எடுங்கோ. நான் சொல்லி வைக்கிறன்."

மறுநாள் பதினொன்றேமுக்காலுக்கே றெஜினா முகம் கழுவி, நல்ல சேலையை உடுத்திக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்தாள்.

"போன்ல சேல தெரியுமா?" என்றாள் ஷிஹாரா. "அந்தோனியார்ட்ட செல்லி வெச்சீங்களா?"

"அவர் துலைஞ்சதத் தேடிக் குடுக்கிறவரு. மனசு மாத்துறது வேற டிப்பார்ட்மென்ட்."

பன்னிரண்டு அடித்தது. இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை மடியில் வைத்தாள். மணி போனது. ஷிஹாரா கிட்ட வந்து குனிந்தாள். ஐந்தாம் தடவை, ஆறாம் தடவை. றெஜினா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.