அன்னக்கொடி குடித்த ஒயின்

காசிமாயனின் இடது கை வாழைநாரைச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாதத்தில் வலுக்குறைந்த வலது கை, திராட்சைக் கொடியைப் பந்தல் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்தது. பிடி நழுவும், கொடி தொங்கும், மறுபடி பிடிப்பார். கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்துதான் கொடுத்தார்கள். "பந்தைப் பிசைஞ்சு என்னத்தக் கண்டேன்?" என்று அதை அவர் தொடவே இல்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிவந்து கொடியைக் காட்டினேன். விரல்கள் அசைய ஆரம்பித்தன. எதைப் பிடித்தால் என்ன, பிடித்தால் சரி.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கே.கே. நகரில் உள்ள அவர் வீட்டுக்குக் காலையில் வந்து சாயங்காலம் போவேன். நான் வேலைக்குச் சேரும் முன்பே அவர் மனைவி அன்னக்கொடி இறந்துபோயிருந்தார். கொடி கட்டிய அந்த நாளுக்கு மறுநாள் அந்த அம்மாளுக்கு முதல் வருசப் படையல்.

காசிமாயனுக்கு வாடிப்பட்டிப் பக்கம். கல்யாணமான புதிதில், பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் பிரான்சின் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் அவரைச் சேர்த்துவிட்டார். மறு வருசம் அன்னக்கொடியும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் பாதி ஆயுளுக்கு மேல் அங்கேயே குலை வெட்டினார்கள். அந்தத் தோட்டத்தில் வேலைக்காரர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் உண்டு. அன்னக்கொடி முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம பழஞ்சோத்து நீச்சத்தண்ணி மாதிரி புளிப்பாத்தான் இருக்கு" என்று குடித்தாராம். அதற்குப் பிறகு தினம் அரை டம்ளர். ஊரிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளரில்தான். கண்ணாடிக் கிளாசைக் கையால் தொடமாட்டார்.

எங்கள் பக்கத்துப் படையலில், போனவருக்குப் பிடித்தது எதுவோ அது கட்டாயம் இருக்க வேண்டும். பீடி பிடித்தவருக்குப் பீடி, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. அன்னக்கொடிக்கு அரை டம்ளர் ஒயின்.

மகள் முத்துமீனா அதைக் கொண்டுவந்துவிட்டாள். பிரான்சிலேயே வேலை பார்க்கிறவள். அன்று காலைதான் வந்து இறங்கினாள். சட்டையில் சுற்றிய பாட்டிலோடு மாடிக்கு ஏறிவந்தாள்.

"அப்பா, நீங்க வேலை பாத்த அதே தோட்டம். அவுக கிட்டயே போயி வாங்குனேன். சட்டைக்கு மேல சட்டை சுத்தி, ஒடையாமக் கொண்டாந்திருக்கேன்."

அவர் நாரைக் கீழே போட்டார். பாட்டிலை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் லேபிளின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். முகம் விழுந்துவிட்டது.

"பதினாலரை."

"என்னப்பா?"

"ஆல்கஹால் பதினாலரை போட்டிருக்கு. உங்கம்மா குடிச்சது பதினொண்ணரை. இதை அவ தொடமாட்டாத்தா."

"படையலுக்குத்தானப்பா? அம்மா என்ன லேபிள் பாத்தா குடிக்கப் போகுது?"

"அவ லேபிள் பாப்பாளா? ஒரு வாயில சொல்லிருவா."

இந்தக் கதையை எனக்கு அவர் ஏற்கனவே பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் பிரான்சுக்குப் போன காலத்தில் செப்டம்பர் கடைசியில்தான் அறுவடை தொடங்குமாம். பிறகு வெயில் வருசத்துக்கு வருசம் ஏற ஏற, பழம் சீக்கிரம் இனித்தது. ஆகஸ்டிலேயே கத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. பழத்தில் இனிப்பு எவ்வளவோ ஒயினில் அவ்வளவு போதை. வாங்குகிறவர்களும் கறுப்பாக, கெட்டியாகக் கேட்டார்கள் என்று முதலாளி குலைகளை இன்னும் பழுக்க விட்டார். பன்னிரண்டு, பதிமூன்று என்று ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் அன்னக்கொடி பாதியில் டம்ளரை வைத்துவிட்டார். "என்னங்க இது, சாராயங் கணக்கா நெஞ்சுல எரியுது? எனக்கு வேணாம்." அதோடு சரி.

ஆனால் மறக்கவில்லை. ஊர் திரும்பி, இதயம் பலவீனமாகிப் படுத்திருந்தபோது கேட்டிருக்கிறார்: "அந்தப் பழைய ஒயினு ஒரு வாய் கெடைக்குமாங்க?" எங்கே போய்த் தேடுவது? அந்த மட்டான வெயிலே இப்போது கிடையாதே. அந்த ஒரு வாய் கொடுக்கவில்லை என்பது காசிமாயனுக்கு வருசம் முழுக்க ஆறாத குறை. நாளைக்காவது கொடுத்துவிட வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

முத்துமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அம்புட்டுத் தூரம் தூக்கியாந்தேன் அத்தை" என்றாள் என்னிடம்.

அழுதுகொண்டிருந்தால் வேலை நடக்காது. மருந்து கலந்து பழகினவள், கணக்குப் போட்டேன். "அண்ணே, நாலு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு தண்ணி ஊத்துனா உங்க பதினொண்ணரைக்கு வந்திரும். இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருக்கீக?"

"தண்ணி ஊத்துனாப் போதை கொறையும் மலையம்மா. புளிப்பு? பழம் முத்திப் பழுத்தாப் புளிப்புச் செத்துப்போகும். அவ குடிச்சதே அந்தப் புளிப்புக்குத்தான்."

ராத்திரி மாத்திரைகளை எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிடவில்லை என்று முத்துமீனா போன் செய்தாள். செத்தவர் வந்து குடிப்பாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வைக்கிறவருக்குச் சோறு இறங்க வேண்டும்.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் மாடியில் இருந்தார். பச்சைக் காயாக நின்ற குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் கத்தரி, வலது கையில் குலை. முத்துமீனா அடியில் சட்டி பிடித்திருந்தாள்.

"பழுக்கட்டும்னுதானண்ணே இம்புட்டு நாளும் காத்திருந்தீக?"

"பழுத்தா இனிச்சிரும்" என்றார்.

கீழே கொண்டுவந்து காய்களை நசுக்கினோம். வலது கையாலேயே பிழிந்தார். அந்தக் கை அவ்வளவு அழுத்தி நான் பார்த்ததில்லை. சாற்றைத் துணியில் வடிகட்டினேன். ஒயின், தண்ணீர், காய்ச்சாறு மூன்றையும் கலந்தாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் இதைத் தொட்டதில்லை. முத்துமீனாவுக்கு அப்போது சின்ன வயது. தெரிந்தவர் ஒருவர்தான். அவரோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்.

"ஒரு வாய் மலையம்மா."

"ஒரு சொட்டு" என்றேன். மருந்து விடும் சொட்டுக்குழாயால் நாக்கில் ஒரே ஒரு சொட்டு விட்டேன்.

சொட்டை நாக்கால் மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"அதுதானாப்பா?" என்றாள் முத்துமீனா.

தலையை ஆட்டினார். "அது இல்லத்தா. அது இனிமே வராது." டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆனா, என்னைய வைஞ்சுக்கிட்டே குடிச்சிருவா."

அன்னக்கொடியின் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். அயிரை மீன் குழம்பு, சோறு, அவித்த முட்டை. ஓரத்தில் அந்த எவர்சில்வர் டம்ளரை அவரே வைத்தார். சூடம் காட்டிவிட்டு, போனவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று வழக்கப்படி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம்.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய காலை மாத்திரைக்கும் நேரமாகிவிட்டது. முத்துமீனா கதவில் கை வைத்தாள்.

"போதும்பா, தெறக்கவா?"

"இருத்தா" என்றார் காசிமாயன். "அவ மெதுவாத்தான் குடிப்பா."